பிடியும் வழுக்கலும்

ரைஃபிளின் விசை கனமா, இலேசா என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. சுட்டுப் பழகியவர்கள் அதைக் கேட்பதில்லை. எப்படி விடுகிறது என்று கேட்பார்கள். ஆறு பவுண்டு விசையானாலும் ஒரே இடத்தில், சொல்லிவைத்தாற்போல் விட்டுக்கொடுத்தால் அது நல்ல விசை. இரண்டே பவுண்டு விசை நறநறவென்று தயங்கித் தயங்கி வந்து, எதிர்பாராத நொடியில் நழுவினால் அது கெட்ட விசை. விரல் நம்ப வேண்டும். எந்த இடத்தில் விடும் என்று தெரிந்த விசையைத்தான் விரல் நம்பும்.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. அழுத்தி வைக்கப்பட்ட சுருள்வில் ஒன்று ஊசியை முன்னால் தள்ளப் பார்க்கிறது. ஒரு எஃகுத் துண்டின் விளிம்பு அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் சியர். விசையை இழுக்கும்போது சியர், தான் கவ்வியிருக்கும் முகத்தில் உரசிக்கொண்டே நகர்ந்து, விளிம்பைத் தாண்டியதும் விட்டுவிடுகிறது. பல துப்பாக்கிகளில் அந்தக் கவ்வலின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கு அங்கே இங்கே. சுடுபவர் உணரும் தயக்கம், நறநறப்பு, முறிவு எல்லாமே அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியவை.

அந்த இடம் ஏன் நறநறக்கிறது? இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றையொன்று தொடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவற்றில் துருத்தி நிற்கும் நுண்ணிய மேடுகள் மட்டுமே தொடுகின்றன. மற்ற இடமெல்லாம் வெற்றுவெளி. பாரம் முழுவதும் அந்தச் சில மேடுகளின் தலையில் இறங்குவதால் அவை நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நகர்த்தும்போது அந்த ஒட்டுகளைத்தான் பிய்த்துக்கொண்டு போகிறோம். உராய்வின் கணக்கை லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் போட்டுப் பார்த்திருந்தார். 1699-இல் அமோன்தோன் அதை விதியாகச் சொன்னார். 1785-இல் கூலோம் விரிவாக்கினார். ஆனால் மேடுகள் ஒட்டிப் பிய்வதுதான் காரணம் என்பதைத் தெளிவாக்கிய பவுடன், டேபர் இருவரின் நூல் வந்தது 1950-இல். அன்றாடம் எல்லார் கையிலும் இருக்கும் ஒரு விஷயம் புரிவதற்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

அசையாமல் நிற்கும் இரண்டு முகங்களை முதலில் நகர்த்தக் கூடுதல் பலம் வேண்டும். நகரத் தொடங்கிவிட்டால் குறைவான பலம் போதும். விசைக்குள் இருக்கும் மேடுபள்ளங்கள் பெரிதாக இருந்தால் சியர் ஒட்டும், விடும், மீண்டும் ஒட்டும், மீண்டும் விடும். விரலில் சேர்த்து வைத்த பலம் ஒவ்வொரு விடுப்பிலும் குதிக்கும். அந்தக் குதிப்பு குழாயின் வாய்வரை போய்க் குறியைக் கலைக்கும். மெருகேற்றுவது இந்தக் குதிப்பை அடக்கத்தான்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அதைக் குறிவைத்துத்தான் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். நம் மலேசியாவின் நூர் சுர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக அதே போட்டியில் நின்றார். அந்த ரைஃபிள்களின் விசையை நூறு கிராமுக்கும் கீழே இறக்கி வைத்துக்கொள்வது வழக்கம். ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் என்று கீழ்வரம்பு உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அப்படி இல்லை. அவ்வளவு இலேசான விசையில் ஒரு தூசு இருந்தாலும் விரலுக்குத் தெரியும்.

மெருகு என்றதும் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும் என்று தோன்றும். இந்த வேலையில் பலரும் சறுக்கும் இடம் அதுதான். துப்பாக்கிக் கொல்லர் முதலில் பார்ப்பது கோணத்தை. சியர் கவ்வும் முகம் இம்மி சாய்ந்துவிட்டால், பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் விசை தானாக நழுவும். துப்பாக்கியின் கட்டையைத் தரையில் தட்டினாலே வெடிக்கும். ஆகவே கல்லைக் கையில் வைத்து மனம்போல் தேய்ப்பதில்லை. துண்டை ஒரு தாங்கியில் இறுக்கிக் கோணம் மாறாமல் பார்த்துக்கொண்டு, நகரும் திசையிலேயே கல்லை ஓட்டுகிறார்கள். குறுக்கே ஓடும் கீறல்தான் நறநறக்கும். நகரும் போக்கிலேயே ஓடும் கீறல் அவ்வளவாகத் தெரியாது.

அடுத்தது தோல். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் இந்தத் துண்டுகள் உள்ளே மென்மையான எஃகு. வெளியே மட்டும் கரியூட்டிக் கடினமாக்கப்பட்ட ஒரு மெல்லிய தோல். சில இடங்களில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆசையாகத் தேய்த்துத் தேய்த்து அந்தத் தோலைக் கடந்துவிட்டால், முதல் சில நாள் வெண்ணெய் மாதிரி இழுக்கும். பிறகு உள்ளிருக்கும் மென்மையான எஃகு மழுங்கத் தொடங்கும். மழுங்கிய விசை யாரும் தொடாமலே விடக்கூடியது. போன தோலை மீண்டும் ஒட்டவைக்க முடியாது; துண்டையே மாற்ற வேண்டியதுதான்.

எல்லை மீறி வழவழப்பாக்குவதிலும் ஆபத்து உண்டு. மேடுகளே இல்லாமல் தேய்த்துவிட்டால் எண்ணெய் தங்கப் பள்ளம் இருக்காது. இரண்டு எஃகு முகங்களும் நேரடியாக நெருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். வீட்டில் அம்மி வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தேய்ந்து வழவழப்பான அம்மியில் மிளகாய் வழுக்கி ஓடும். கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திய பிறகுதான் அரைபடும். உலோகமானாலும் கல்லானாலும், ஒரு முகம் செய்ய வேண்டிய வேலைக்கு ஏற்ற அளவு சொரசொரப்பு அதில் மிஞ்சியிருக்க வேண்டும்.

கல்வேலை முடிந்த பிறகுதான் பூச்சைப் பற்றிப் பேச வேண்டும். கெட்ட கோணத்தைப் பூச்சு திருத்தாது, கீறலை நிரப்பாது. மாலிப்டினம் டைசல்பைடு என்ற சாம்பல்நிறத் தூள் அடுக்கடுக்கான படிகம். அடுக்குகளுக்குள் பிணைப்பு வலுவானது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே மிகத் தளர்வு. ஆகவே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான் எதனோடும் ஒட்டாத குணம் கொண்டது. ஆனால் மிகவும் மென்மையானது, சியரின் விளிம்பில் விழும் அழுத்தத்தை நெடுநாள் தாங்காது. 1971-இல் ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்ட வைரம்போன்ற கரிப்படலம் கடினமும் வழுக்கலும் ஒருங்கே உள்ளது. சில மைக்ரான் தடிமனில் படியவைக்கிறார்கள். டைட்டானியம் நைட்ரைடு பொன்னிறப் படலம், வெகு கடினம். ஆனால் அதைப் படியவைக்கும் சூடு பல சமயம் நானூறு டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் சாதாரணமாகக் கடினமாக்கிய எஃகு இளகிவிடும். மேலே தங்கம்போல் ஒளிரும். கீழே இருப்பது பதம் போன இரும்பு.

நம் மலாக்காவுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. மாலிப்டினம் டைசல்பைடுத் தூள் வறண்ட காற்றிலும் வெற்றிடத்திலும் அபாரமாக வழுக்கும். விண்வெளிக் கலங்களில் அதைப் பயன்படுத்துவது அதனால்தான். ஈரக் காற்றில் அதன் உராய்வு இரண்டு மூன்று மடங்கு கூடிவிடும். கிராபைட் இதற்கு நேர் எதிர்: காற்றில் ஈரம் இருந்தால்தான் வழுக்கும். இரண்டாம் உலகப் போரில் உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில் இருந்த கிராபைட் கட்டிகள், அங்கே காற்றில் ஈரமில்லாததால் மளமளவென்று தேய்ந்து தூளாயின. மலாக்காவின் காற்றிலோ விடியற்காலையில் கைத்துண்டைத் தொங்கவிட்டால் காயாது. குளிர்நாட்டுக் கடையில் வாங்கிய பூச்சு, அந்தக் கடைக்காரர் சொன்னபடி இங்கே நடந்துகொள்ளும் என்று எண்ணக் கூடாது.

இந்தக் காற்றுக்குப் பொருத்தமான விசையை மலாய் உலகின் கைவினைஞர்கள் முன்பே செய்திருக்கிறார்கள். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த காலத்தையொட்டி இப்பகுதியில் பரவியது இஸ்திங்கார் என்னும் திரித்துப்பாக்கி. புகையும் திரியைக் கவ்விய கொக்கு ஒன்று நிமிர்ந்து நிற்கும். பக்கத் தகட்டிலிருந்து எட்டிப்பார்க்கும் சின்ன முளை அதைப் பிடித்திருக்கும். விசையைத் தொட்டால் முளை உள்ளே போகும். கொக்கு மருந்துக் கிண்ணத்தில் இறங்கும். இந்த உறுப்புகளைப் பித்தளையில் வார்த்திருந்தார்கள். பித்தளையில் செந்துரு ஏறாது. இரும்போடு உரசும்போது ஒட்டிக்கொள்வதும் குறைவு. பூச்சு எதுவும் இல்லாமல், உலோகத்தைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள்.

தோட்டத்துத் தமிழருக்கு ரைஃபிள் பக்கத்தில் வந்தது அவசரகாலத்தில். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், தமிழர்களும் இருந்தார்கள். தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி, மாலையில் ஊரடங்கு, அரிசிக்கு அளவு. 1953 செப்டம்பரில் மலாயாத் தீபகற்பத்தின் முதல் வெள்ளைப் பகுதியாக, அதாவது கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பகுதியாக, மலாக்காவின் ஒரு பகுதியைத்தான் அறிவித்தார்கள். அதுவரை இங்கே பால்மரம் வெட்டப் போனவர்களுக்குத் துப்பாக்கி பழகிய காட்சி.

அன்று பலர் தோளில் தொங்கியது லீ என்ஃபீல்ட் 303. அதன் விசை இரண்டு கட்டமாக வரும். விசையின் தலையில் இரண்டு புடைப்புகள். முதல் புடைப்பு சியரைத் தொட்டுக் கொஞ்சம் இலேசாக நகர்த்தும். இரண்டாம் புடைப்பு வந்து மோதியதும் விரல் ஒரு சுவரை உணரும். அதன்பின் ஐந்திலிருந்து ஆறரை பவுண்டு வரை அழுத்தினால்தான் விடும். அந்த வேலையில் இருந்த ஒரு பெரியவர் லயத்து ஐந்தடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் சொல்வார்: “மொத இழுப்பு சும்மா வந்துரும் தம்பி. ரெண்டாவதுல ஒரு தட்டு தட்டும் பாரு, அங்க நின்னு மூச்சப் புடிக்கணும்.” கையில் துப்பாக்கி இல்லாமலே அவர் ஆள்காட்டி விரல் பாதி மடங்கி, அந்த இடத்தில் நின்று காட்டும். சுவர் எங்கே இருக்கிறது என்று அந்த விரலுக்கு மறக்கவே இல்லை.

போர்க்களத்துத் துப்பாக்கியின் விசையை அவ்வளவு கனமாக வைத்ததில் நியாயம் இருந்தது. பயத்தில் நடுங்கும் கை, மழையில் நனைந்த விரல், ஓடும்போது இடறி விழும் உடம்பு. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அந்தச் சுவரை எழுப்பினார்கள். இன்று அந்த மாதிரித் துப்பாக்கியைச் சேகரிப்பவர்கள் சில நாடுகளில் அதை இரண்டு பவுண்டுக்கு இறக்கிப் பெருமைப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு உடன்பாடு வருவதில்லை. நறநறப்பைப் போக்குங்கள், சுவரை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கு ஒரு வேலி உண்டு. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், சுடுகருவிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கிய 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கும்வரை, ஒருவர் வீட்டு மேசையில் சியரை எடுத்துவைத்துத் தேய்ப்பது நடக்காது, நடக்கவும் கூடாது. காட்டுப்பன்றி விரட்ட உரிமம் பெற்ற சிலரிடம் நடுவில் மடங்கும் பாத்தா துப்பாக்கி இருக்கும். பழுது வந்தால் அதற்கென்று உரிமம் பெற்றவரிடம் போகும். அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இதே உராய்வு அறிவு வேறொரு கருவியின் வழியாக மலாக்காத் தமிழர் கைகளில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தது. அந்தக் கருவி பால்மரம் வெட்டும் உளி.

நம் நாட்டின் வணிக ரப்பர் தோட்டம் தொடங்கியதே இங்கேதான். 1876-இல் விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்த சில கன்றுகள் லண்டன் கியூ தோட்டம் வழியாக அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தன. இருபது ஆண்டுகள் யாரும் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. 1896-இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிந்தார். அவரை இதில் ஊக்கியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி. பிரேசில் காட்டில் சின்னக் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடமெல்லாம் புண். ரிட்லி அதை விட்டு, அதே கோட்டை நாளும் மெல்லச் சீவித் திறக்கும் முறையைக் கண்டார். கொத்துவதிலிருந்து சீவுவதற்கு வந்த அந்த மாற்றம்தான் ரப்பர்த் தொழிலை நிற்கவைத்தது. சீவுவதற்கு வேண்டிய கையைத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

பால் ஓடும் நுண்குழாய்கள் மரத்தின் உள்பட்டையில், கேம்பியம் என்ற உயிர்ப்படலத்தை ஒட்டியபடி நெருக்கமாக இருக்கின்றன. அவை நேர்குத்தாகப் போகாமல் மூன்று நான்கு டிகிரி வலப்பக்கமாகச் சாய்ந்து மேலேறுகின்றன. அதனால்தான் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஒட்டுமரத்தில் ஏறத்தாழ முப்பது டிகிரி சரிவில் இறங்குகிறது; அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு நாளில் சீவ வேண்டியது ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். முன்னே நின்றால் பால் குறையும். தாண்டினால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மீண்டும் வெட்டத்தக்க பட்டை வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும் என்றால், முடிச்சு விழுந்த இடம் அதன்பிறகும் சரியாக வெட்டுப்படாது.

இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஐந்நூறு மரத்துக்கு இப்படி. விடியற்காலையில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு: இலைகள் நீரை ஆவியாக்காத நேரத்தில் பால்குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பத்து வளிமண்டலத்துக்கும் மேல். வெயில் ஏற ஏற அது இறங்கும். ஆக நேரமும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. கண் உதவாத அந்த வேளையில் ஒரு மில்லிமீட்டரை அளந்தது உளி பிடித்த கை.

கை எப்படி அளந்தது? வெளிப்பட்டை கடினம், மணல்போல் உதிரும். உள்ளே போகப் போக மென்மை. உயிர்ப்படலத்தை நெருங்கும்போது உளியின் இழுப்பில் ஒரு வழுவழுப்பு வரும். தீட்டிய உளிக்குக் குறைந்த பலம் போதும். கை குறைவாக அழுத்தும்போதுதான் இந்த வேறுபாட்டை உணர முடியும். உளி மழுங்கிவிட்டால் அழுத்த வேண்டியிருக்கும். பட்டை பிடித்துக்கொண்டே இருந்து சட்டென்று விடும். சேர்த்து வைத்த பலத்தோடு உளி உள்ளே பாய்ந்து மரத்தைத் தொடும். விசையில் சியர் ஒட்டி விடும்போது விரலுக்கு நேர்வதும் இதே. மழுங்கிய உளி பால்குழாயின் வாயை அறுக்காமல் நசுக்குவதால் பாலும் குறையும். மேற்பார்க்கும் மண்டோர் வந்து காயத்தை எண்ணிக் கணக்கெழுதும்போது, அந்தக் காயங்களில் பல கையின் பிழையே அல்ல. முந்தின மாலை சரியாகத் தீட்டாத உளியின் பிழை.

அம்மாக்கள் உளி தீட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வேலை முடிந்து, காண்டா வாளியைக் கழுவிக் கவிழ்த்து, சமையலுக்கு உலை வைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்வார்கள். பக்கத்தில் ஒரு மங்கில் தண்ணீர். முதலில் உளியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால்சவ்வை நகத்தால் உரித்தெடுப்பார்கள். அந்தச் சவ்வு இருந்தால் மறுநாள் பட்டைச் சீவல் வழுக்கி வெளியே போகாமல் இழுத்துப் பிடிக்கும். உளியின் வாய் மடங்கி ஒரு கோணமாக இருக்கும். வெளிப்பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் ஓட்டுவார்கள், பிறகு வழவழப்பான பக்கத்தில். மடிப்பின் உட்பக்கத்துக்கு அந்தக் கல் போகாது. அதற்கென்று ஓரம் தேய்ந்து ஆப்புபோல் ஆன சின்னக் கல் ஒன்று வைத்திருப்பார்கள். மடிப்பின் மூலையில் அந்தக் கல்லை நுழைத்து, ஒரே சரிவில், விரல்நுனியால் தள்ளித் தள்ளி எடுப்பார்கள். கோணம் மாறினால் உளி ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் போகும். கடைசியாகப் பிசிறு. கல் பட்ட எஃகின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருள் நிற்கும். அதை மரச்சட்டத்தில் இரண்டு இழுப்பு இழுத்து எடுத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தின்மேல் உளியை வைத்துப் பார்ப்பார்கள். வழுக்காமல் நகத்தைப் பிடித்துக்கொண்டால் தீட்டியது போதும்.

கோணம் மாறாத தேய்ப்பு, வெட்டும் போக்கிலேயே கல்லோட்டம், பிசிறு எடுத்தல், பதம் பார்த்து நிறுத்துதல். துப்பாக்கிக் கொல்லர் தாங்கியும் உருப்பெருக்கியும் வைத்துக்கொண்டு செய்கிற அதே வேலை. இவர்கள் செய்தது வாசல்படி வெளிச்சத்தில். உளி பதமாகும்வரைதான் கல்லுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குமேல் கொடுத்தால் உளி தேய்ந்து சீக்கிரம் புது உளி வாங்க வேண்டியிருக்கும் என்பதும் அவர்கள் கணக்கில் இருந்தது. உளியின் வாயில் மட்டும் பதம் ஏற்றியிருக்கும். அது தேய்ந்து முடிந்த உளி எத்தனை தீட்டினாலும் அரைநாள் தாங்காது.

அவசரகாலத்தில் தோட்ட முதலாளிகளுக்கு நட்டம் ஏற்படுத்தக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் ரப்பர் மரங்களின் பட்டையைப் பாராங்கத்தியால் தாறுமாறாக வெட்டிப்போட்டது உண்டு. ஒரே வீச்சில் ஏழெட்டு வருடத்துப் பட்டை போயிற்று. அந்த மரங்களுக்குக் காவலாகத் தோளில் ரைஃபிள் தொங்கவிட்டு ஒருவர் நின்றார். அதே நிரையில் உளியோடு ஒருவர் போனார். இருவர் விரலும் ஒரு மில்லிமீட்டரைக் காத்த விரல்கள்தாம். ரைஃபிளைப் பற்றி அரசு கையேடு அச்சடித்தது. முதல் இழுப்பு இத்தனை பவுண்டு, இரண்டாவது இத்தனை என்று எழுதியது. மரத்தைப் பற்றி, 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சரிவையும் ஆழத்தையும் பட்டைச் செலவையும் அளந்து எழுதியது. உளியைத் தீட்டிய பெண்கள் என்ன உணர்ந்தார்கள், எந்த ஒலியில் கல்லை நிறுத்தினார்கள் என்பதை யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதியதாக என் வாசிப்பில் கண்டதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. 1966-இல் பிரிட்டனில் உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் ஒரே துறையாக்கிப் புதுப் பெயர் சூட்டியபோது, அதில் செய்முறை அறிந்தவர்கள் ஜாசின் பக்கத்து லயங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி, மரம் வெட்டியதற்கு மட்டும்தான் கிடைத்தது. தீட்டிய நேரத்துக்குக் கணக்கில்லை.

இப்போது மின்கலத்தில் ஓடும் வெட்டுக் கருவிகள் சீனாவிலிருந்து வந்திருக்கின்றன. ஆழத்தைக் கட்டுப்படுத்தும் தகடு ஒன்று அதிலேயே இருக்கிறது. புதிதாக வருகிறவரும் சில நாளில் பழகிக்கொள்ளலாம். ஆளில்லாத் தோட்டங்களுக்கு அது நல்லதே. மலாக்காவில் ரப்பரே அருகிவிட்டது. புக்கிட் அசகான், கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி என்று பேர்பெற்ற பக்கங்களில் செம்பனை நிற்கிறது, அல்லது வீட்டுமனை. உளி பிடித்த கைகள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டிவிட்டன.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் உராய்வு வரும் வாரத்தில் பிள்ளைகளின் பாட்டிகளில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துவாருங்கள். பழைய உளி ஒன்றும் அந்தத் தேய்ந்த சின்னக் கல்லும் எந்த வீட்டுப் பரணிலாவது இன்னும் இருக்கும். பிள்ளைகள் முன்னால் தீட்டச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் அவர் முகத்தைவிடக் கைக்கு நெருக்கமாகப் போய் எடுக்கட்டும். கல்லின் சரிவு தெரிய வேண்டும், ஒலி பதிவாக வேண்டும். எத்தனை முறை ஓட்டினார், எப்போது கல்லைத் திருப்பினார், எதைப் பார்த்து நிறுத்தினார் என்று கேட்டு அவர் சொல்லிலேயே எழுதிவையுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.